ஜன்னல் மேசைக்காரர்கள்

எங்கள் கடைக்குள் வந்து சாப்பிட்டவர்களைவிட, வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் தேவைப்பட்டது. கண்டுபிடித்தபோது சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சுவருக்கு அப்போதுதான் புது வர்ணம் அடித்திருந்தேன், அதனால் முட்டிக்கொள்ளவில்லை.

அதற்குமுன் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா போனில், "அப்பா கடையைக் குடுக்கப் போறாராம்" என்றாள். அடுத்த மூச்சிலேயே "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அம்மா பேசுவதே அவ்வளவுதான். அந்த ஒரு வரி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததில் நான் வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தேன்.

வந்தபிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் கடையைப் பெரிதாக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் கடை கிடைத்தால் நடுச்சுவரை இடித்துவிட்டு, நாங்கள் மேசை போட்டிருக்கும் இடத்தில் கண்ணாடி அலமாரிகளும், அம்மா சமைக்கும் இடத்தில் மருந்துப் பெட்டிகளும் வைத்துக்கொள்வார். அப்பா அவரிடம், "மழை முடியட்டும். அதுக்குள்ள யாவாரம் சூடு பிடிச்சா பாக்கலாம். இல்லேன்னா சாவி உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்குத் தன் வார்த்தை என்றால் உயிர். அந்த வார்த்தையை யார் தலையில் தூக்கி வைக்கிறோம் என்று மட்டும் பார்க்கமாட்டார்.

சரி, சூடு பிடிக்க வைப்போம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். ஆடிய நாற்காலிகளின் கால்களைச் சரிபண்ண வைத்தேன். அழுக்கு மஞ்சளாக இருந்த சுவருக்கு இளம்பச்சை அடித்தேன். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் அப்பா. கல்யாணப் பத்திரிகைபோல மடித்து மடித்து விரியும் பழைய பட்டியல் அட்டையைத் தூக்கிப் போட்டேன். அதில் இருந்த பாதிச் சாப்பாட்டை அம்மா சமைத்தே பல வருஷம் ஆகிறது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைக்கு என்ன உண்டோ அதை மட்டும் எழுதினேன். நான் அந்தப்பக்கம் போனதும் அப்பா சாக்பீஸை எடுத்து அடியில் ஒரு வரி சேர்ப்பார்: "மற்றவையும் கேட்டால் கிடைக்கும்." கேட்டால் கிடைக்காது. கேட்டவர்களுக்கு அம்மா உள்ளேயிருந்து ஒரு முறைப்பு கொடுப்பாள், அது வேண்டுமானால் கிடைக்கும்.

எதிரே புதிதாக ஓர் அலுவலகக் கட்டடம் வந்திருந்தது. மத்தியானம் மணி அடித்ததுபோல ஆட்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு கும்பல் கும்பலாக இறங்குவார்கள். சாலையைக் கடப்பார்கள், கரும்பலகையைப் படிப்பார்கள், கதவைப் பாதி திறந்து உள்ளே தலையை நீட்டுவார்கள். அப்புறம் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள்போலக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, முனையில் இருக்கும் ரொட்டிக்கடைக்குப் போய் நின்றுகொண்டே எதையோ கடித்துவிட்டுத் திரும்புவார்கள். நாள் தவறாமல் இதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலில் குறையா என்றால், வாயில் வைத்துப் பார்த்தால்தானே குறை தெரியும்! இவர்கள் வாசலைத் தாண்டவே இல்லையே.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் தூறலில் வெளியே ஓடி, எட்டிப் பார்த்துவிட்டுப் போன இரண்டு பெண்களை வழிமறித்தேன். ஒருத்தி கையில் சிவப்புக் குடை வைத்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. உள்ள எட்டிப் பாத்துட்டு ஏன் போறீங்க? என்ன பிடிக்கல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடைக்காரிதான் பேசினாள். "பிடிக்காம இல்லைங்க. உள்ள ஏதோ வீட்டு விசேஷம் நடக்குது. நாம எதுக்கு நடுவுல போய்..."

"விசேஷமா? இது ஹோட்டலுங்க!"

"போர்டு பாத்தோம். ஆனா எப்ப வந்தாலும் விசேஷமாவே இருக்கு. அதான், விசேஷத்துக்கு வாடகைக்கு விடற இடம்போலன்னு நினைச்சுக்கிட்டோம்."

நான் திரும்பி, என் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, அப்பா கடையை வெளியே நின்று ஓர் அந்நியரைப்போலப் பார்த்தேன்.

கடையிலேயே நல்ல இடம் ஜன்னலோரம் இருக்கும் பெரிய மேசைதான். அதன் நடுநாயகமாக அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. சமையலறைப் பாத்திரத்தையே மேசைக்குக் கொண்டுவந்து, சுற்றியிருந்த எல்லோர் தட்டிலும் தன் கையாலேயே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை அடுத்த நாற்காலியில் நீட்டிக்கொண்டு, பேப்பரில் செத்தவர்களின் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தன் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பின்மேசையில் முட்டுக்கொடுத்துத் தூங்கினார். ஆகவே அந்த மேசையும் போயிற்று. மிச்ச இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள்.

அப்போது யாரோ ஒருவர் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே பேச்சு நின்றது. மெல்லுவது நின்றது. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. அத்தை கரண்டியைப் பிடித்தபடி, தன் வீட்டு வாசலில் நிற்பவரைக் கேட்பதுபோல, "யாருப்பா வேணும்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லைங்க" என்று அந்த மனிதர் பின்வாங்கினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீ குருடியா, இத்தனை நாளாக இது கண்ணில் படவில்லையா என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் இருப்பது சுவரில் கடிகாரம் இருப்பதுபோல. இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

கூட்டம் கலைந்ததும் கல்லாவில் இருந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குப்பா இவங்க எல்லாரும் தினமும் இங்க வந்து உக்காந்துக்கறாங்க?"

அப்பா பல்குத்தும் குச்சிகளைப் புட்டியில் அடுக்கிக்கொண்டே, "நான்தான் வரச்சொன்னேன்" என்றார்.

"நீங்களா?"

"காலியா இருக்கற கடைக்குள்ள எவன் காலை வைப்பான்? உள்ள நாலு பேர் தெரியணும். அதான் அக்காகிட்ட, கொஞ்சம் வந்து உக்காருங்கன்னு சொன்னேன். பாவம், எனக்காக ரெண்டு பஸ் மாறி வர்றா."

"அவங்களப் பாத்துத்தான் ஒருத்தரும் உள்ள வரமாட்டேங்கறாங்க! விசேஷ வீடுன்னு நினைச்சுட்டுப் போறாங்க! நாளையிலேர்ந்து வேணாம்னு சொல்லிடுங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "நானே கூப்பிட்டு, நானே வராதேன்னு சொல்றதா? அந்த வாயால அதைச் சொல்றதுக்குக் கடையையே குடுத்துட்டுப் போயிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குச்சிப் புட்டியை எடுத்து வீசியிருப்பேன். அப்போது சாப்பாட்டை எடுத்துக் கொடுக்கச் சமையலறைச் சுவரில் விட்டிருந்த திறப்பு வழியாக அம்மா தலையை நீட்டினாள். "நான் ஒண்ணு சொல்லட்டா..."

"இரும்மா" என்றேன் நான். "நீ சும்மா இரு" என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்பாவால் முடியாதென்றால் நானே சொல்லிவிடுகிறேன் என்று அன்று சாயந்தரமே அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை ஒரு வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"என்னத்தச் சொல்ல! மத்தியானத் தூக்கம் போச்சு. அந்த பஸ் படியில ஏறி இறங்கி உங்க பெரியப்பனுக்கு முட்டி போச்சு. எனக்கு அவ்வளவு சீக்கிரம் பசிக்கவே பசிக்காது. உங்கப்பன் மனசு ஒடிஞ்சிடக்கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வரேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. அவர்கள் வருத்தப்படுவார்களே என்று அப்பா கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அப்பா வருத்தப்படுவாரே என்று இவர்கள் வருவதை நிறுத்தவில்லை. இப்படி ஒருத்தர் முகத்துக்காக ஒருத்தர் சாப்பிட்டுச் சாப்பிட்டே ஒரு கடையை மூட வைக்க எங்கள் குடும்பத்தால்தான் முடியும்.

"அப்ப இனிமே வராதீங்க அத்தை. எல்லாருக்கும் நிம்மதி" என்றேன். அதோடு எழுந்து வந்திருக்கவேண்டும். நாக்கு சும்மா இருக்குமா? "உங்களாலதான் வெளி ஆளுங்களும் உள்ள வரமாட்டேங்கறாங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

அத்தை காலை வாளியிலிருந்து எடுத்தாள். "எங்களாலயா?" தரையெல்லாம் தண்ணீர். "உங்கப்பனுக்காக நாங்க ஓடி ஓடி வந்தா, எங்களாலயா? சரிம்மா. இனிமே அந்த வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு."

மறுநாள் மத்தியானம் ஜன்னல் மேசை காலி. அப்பா வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். என்னோடு பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் திறப்பின் வழியாக அம்மாவிடம், "உன் பொண்ணுகிட்டச் சொல்லு, மிளகுத்தூள் தீந்துபோச்சுன்னு" என்பார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அம்மா ஒருமுறை, "ரெண்டு பேரும் நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றாள். நான் அப்புறம் கேட்கிறேன் என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை.

கதவு திறந்தது. சிவப்புக் குடைக்காரியும் அவள் தோழியும். இன்றைக்கு விசேஷம் இல்லையா என்று சிரித்துக்கொண்டே போய் அத்தையின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்கள். மீனை ருசி பார்த்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்கள். அடுத்த வாரம் கூட நாலு பேரை அழைத்து வந்தார்கள். பிறகு அந்த நாலு பேர் தனியாக வந்தார்கள். கடை நிரம்பிவிடவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரங்கள் காலியாகும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது.

மழை ஓய்ந்தது. மருந்துக்கடைக்காரர், "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரேன், முடிவைச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதே வெள்ளிக்கிழமை தங்கள் பிரிவில் ஒருவர் வேலை மாறிப் போகிறார், எல்லோரும் சேர்ந்து இங்கேதான் சாப்பிடப் போகிறோம் என்று குடைக்காரி சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அன்னைக்கு அவர் வந்து பாக்கட்டும்ப்பா, கடை நிறைஞ்சிருக்கும்!" அப்பா தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மீன் வாங்கச் சந்தைக்குப் போய், நெரிசலில் மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து கடைக் கதவைத் திறந்தேன். பேச்சு நின்றது. மெல்லுவது நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது.

அத்தை, பெரியப்பா, சித்தப்பா மட்டுமில்லை. சாவு வீட்டில் தவிர வேறெங்கும் நான் பார்த்திராத சொந்தங்கள்கூட வந்திருந்தார்கள். ஒரு நாற்காலி மிச்சமில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள்.

"அப்பா!"

"கத்தாதே. அவர் வர்ற நேரம்" என்றார் அப்பா. அத்தை வீட்டுக்கு நேரில் போய், கையைப் பிடித்துக் கெஞ்சி அழைத்து வந்திருக்கிறார். "ஆபீஸ்காரங்க வருவாங்கன்னு நம்பிக் கடையை இழக்கச் சொல்றியா? இவங்கன்னா நிச்சயம் வருவாங்க."

அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார். அப்பா இரண்டு கைகளையும் விரித்தார். "பாருங்க சார், உக்கார இடமில்ல. எல்லாம் வெளி ஆளுங்க. எனக்கு யாருன்னே தெரியாது."

சித்தப்பா உடனே தன் பங்குக்கு, யாரோ துரைபோலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஹோட்டல்காரரே, இன்னொரு மீன் கொண்டாங்க!" என்றார். பெரியப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். பேப்பரின் பக்கத்தில் போய் நின்றார். "என்னண்ணே, முட்டிக்கு அந்தத் தைலம் கேக்குதா?"

"எங்கங்க? நாலு படி ஏறினா மறுபடியும்..." என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. அப்புறம் நின்றது.

"அக்கா, பிரஷர் மாத்திரை தீந்திருக்குமே. கொஞ்ச நாளா நீங்க வரவே இல்லையே" என்றார் அத்தையிடம். சித்தப்பாவைப் பார்த்து, "வறுத்த மீன் வேணாங்க. அன்னைக்கு வாயுத்தொல்லைன்னு ராத்திரி கதவைத் தட்டினீங்க" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் விசாரித்தார். அதுதான் கொடுமை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் அவரவர் வியாதியை வைத்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கதவு மறுபடியும் திறந்தது. சிவப்புக் குடைக்காரி. அவள் பின்னால் மாடிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகள். உள்ளே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ... விசேஷமா? மன்னிச்சுக்குங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மீன் பையைத் தரையில் போட்டேன். "போச்சு! எல்லாம் போச்சு! நிஜமாவே பசியோட வந்தவங்க போறாங்க, பசியே இல்லாதவங்க உக்காந்து சாப்பிடறீங்க! மூடிடுங்க! இப்பவே மூடிடுங்க!" என்று கத்தினேன். வெட்கத்தைவிட்டு அழுதேன்.

"அவங்கதான் சாப்பிட வந்தவங்களா?" அத்தை கேட்டாள்.

"ஆமா!"

அத்தை தட்டோடு எழுந்தாள். "எந்திரிங்கடா எல்லாரும். தட்டைத் தூக்கு. பின்னாடி போ. பேப்பரை மடி." பெரியப்பாவையே அதட்டிக் கிளப்பிவிட்டு, தட்டை என் கையில் திணித்துவிட்டு, எச்சில் கையோடு தெருவில் இறங்கினாள். அத்தையின் குரலுக்கு ஓடுகிற பஸ் நிற்கும். "ஏம்மா! சிவப்புக் குடை! வாங்கம்மா! இது விசேஷம் இல்லம்மா, ஹோட்டலு! எல்லாரும் வாங்க, இடமிருக்கு!"

வந்தார்கள். சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பயந்துகொண்டு, எல்லா மேசையிலும் உட்கார்ந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகளை அடுக்கினேன். கடை நிஜமாகவே நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்பாவோ சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மூட்டைகளுக்கும் அண்டாவுக்கும் நடுவே எங்கள் சொந்தம் மொத்தமும் நின்றுகொண்டு சாப்பிட்டது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி அத்தை.

"என் அக்கா நின்னுகிட்டுச் சாப்பிடறா" என்றார் அப்பா. "என் அக்காவை எழுப்பிவிட்டுட்டு ஊருக்குச் சோறு போடற கடை எனக்கு வேணாம். சார், நான் சொன்ன சொல் மாறமாட்டேன்." மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

ஆள் வராதபோது இழுத்துப் பிடித்திருந்தவர், ஆள் வந்த அன்றைக்கு, அந்த நிமிஷத்தில், தூக்கிக் கொடுக்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மருந்துக்கடைக்காரர் கையை நீட்டுவதற்குள் இன்னொரு கை சாவியை எடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா சமையலறையைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. கரண்டியோடு வந்திருந்தாள்.

"அண்ணே" என்றாள் மருந்துக்கடைக்காரரிடம். சத்தமாகப் பேசவில்லை. "நீங்க மருந்துப் பெட்டி அடுக்கப்போற இடத்துல தினமும் நான் நிக்கறேன். உங்களுக்கு வார்த்தை குடுத்தது அவரு. நான் குடுக்கல. என்னை யாரும் கேக்கல."

"நீ உள்ள போ" என்றார் அப்பா.

"உள்ளதான் போகப்போறேன். என் அடுப்பு அங்கதான் இருக்கு. கடையைக் குடுத்துட்டு வீட்ல உக்காந்து உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கச் சொல்றீங்களா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். வந்த நாள்லேர்ந்து அப்பா கடை, அப்பா கடைன்னு குதிக்கறே. சுவத்தப் பாத்தே, நாற்காலியப் பாத்தே, ரோட்ல போறவங்களைக்கூட நிறுத்திக் கேட்டே. என்கிட்ட ஒருநாள் கேட்டியா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய ஒரு வரி போனுக்காகத்தான் வேலையை விட்டு வந்தேன். வந்து, அவளை மட்டும் விட்டுவிட்டு எல்லோரிடமும் பேசியிருக்கிறேன்.

அம்மா சாவியைச் சமையல் அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு, திறப்பின் பக்கம் பார்த்துச் சொன்னாள். "அண்ணி, நாளையிலேர்ந்து கூட்டம் போனப்புறம் வாங்க. உக்காந்தே சாப்பிடலாம். நானும் உங்களோட உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

"வரேன், வரேன். ஆனா தினமும் முடியாதுடியம்மா, எனக்குத் தூக்கம் வேணும்" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "மீன்ல உப்பு கொஞ்சம் கம்மி."

மருந்துக்கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா அவரிடம், "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. ஆனா உக்கார இடமில்ல, கொஞ்சம் நிக்கணும்" என்றாள். அவர் நின்றார். அப்பா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த பல்குத்தும் குச்சிகளைக் கொட்டி மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அம்மா அந்தப் புட்டியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, இரண்டு தட்டுகளைக் கொடுத்தாள். அப்பா அவற்றை மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"நீ என்னடி வேடிக்கை பாக்கறே? ஜன்னல் மேசைல தண்ணி இல்ல பாரு."

தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு போனேன். சிவப்புக் குடைக்காரி கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து தண்ணீர் ஊற்றியபோது மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, கடையை மூடப்போறீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "அம்மா மூடமாட்டாங்க."